இருபதாவது செக்கனும் ஐந்தாவது நிமிடமும்

பத்திரிகை அலுவலகத்தில் 30 ஆண்டுகளுக்கு மேலாகப் படங்களோடு பழகியவன் நான். ஒரு படம் மேசைக்கு வந்தால், யார் எடுத்தது என்று கேட்பதற்கு முன்பாக, எப்போது எடுத்தது என்று கேட்பதே எங்கள் ஆசிரிய பீடத்தின் வழக்கம். ஊர்வலம் புறப்பட்ட வேளையில் எடுத்த படமும் அது கலைந்த பின்னர் எடுத்த படமும் ஒரே வீதியைத்தான் காட்டும். இரண்டும் உண்மையான படங்களே. ஆனால் வேளையை அறியாது படத்தின் கீழே வரி எழுதினால் அந்த வரி பொய்யாகிவிடும்.

வைத்தியசாலையில் எடுக்கப்படும் ஸ்கேன் படத்துக்கும் இதே கேள்வி பொருந்தும் என்பதை 2022 ஆம் ஆண்டில் லண்டனில் அறிந்துகொண்டேன். அதனை எனக்குக் கற்பித்தது ஒரு நாயின் சிறுநீரகம்.

அந்த ஆண்டு ஒக்ரோபர் மாதம் என் அக்காவின் வீட்டில் தங்கியிருந்தேன். இலங்கைத் தமிழர்கள் செறிந்து வாழும் ரூட்டிங் பகுதியில் அவர் குடியேறி 25 ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. அத்தான் காலமான பின்னர் அந்த வீட்டில் அக்காவும், வேலைக்குச் சென்றுவரும் மருமகளும், ஜிம்மி என்ற 9 வயது லாப்ரடோர் நாயும் மாத்திரமே. யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டில் வளர்ந்த நாய்கள் அனைத்துக்கும் ஜிம்மி என்றே பெயர். ஒன்று இறந்தால் அடுத்து வருவதற்கும் அதே பெயர்தான். அந்தப் பரம்பரையின் பெயர் கடல் கடந்தும் வந்திருந்தது. ஊர் ஜிம்மிகள் எவையும் விறாந்தைப் படியைத் தாண்டி உள்ளே வந்ததில்லை. லண்டன் ஜிம்மிக்கோ அக்காவின் கட்டிலருகே தனி மெத்தை.

ஒரு நாள் காலை அதனைப் பூங்காவுக்கு அழைத்துச் சென்ற மருமகள், அதன் சிறுநீர் சிவந்திருப்பதைக் கண்டாள். அருகிலுள்ள மிருக வைத்தியர் அல்ட்ராசவுண்ட் செய்து பார்த்தார். இடது சிறுநீரகத்தின் மேல் முனையில் தேசிக்காய் அளவில் ஒரு கட்டி. குடலில் இருந்த வாயு மறைத்ததால் அதற்கு மேல் தெளிவாகப் பார்க்க இயலவில்லை.

அவர் நான்கு கேள்விகளை ஒரு தாளில் எழுதித் தந்தார். கட்டி சிறுநீரகத்திலிருந்தே வளர்ந்ததா, அல்லது அதனருகேயுள்ள அதிரினல் சுரப்பியிலிருந்து வந்ததா? அது பக்கத்திலுள்ள பெரிய நாளத்தினுள் நுழைந்துவிட்டதா? வலது சிறுநீரகம் தனியாகச் சுமையைத் தாங்குமா? நோய் நுரையீரலுக்குப் பரவியிருக்கிறதா? இவற்றுக்கு விடை தெரியாமல் கத்தியைத் தொட முடியாது என்று கூறி, நகருக்கு வெளியேயுள்ள ஒரு பெரிய மிருக வைத்தியசாலைக்கு அனுப்பினார். அங்கே சி.ரி. ஸ்கேன் எடுக்கவேண்டும் என்றார்.

எங்கள் ஊரில் நாய்க்கு வருத்தம் வந்தால் அது இரண்டு நாட்கள் சோறு தின்னாமல் கிணற்றடியில் படுத்திருக்கும். பின்னர் எழும்பும், அல்லது எழும்பாது. என்ன வருத்தம் என்று எவருக்கும் தெரியாது. அந்த நினைவோடு வளர்ந்த அக்காவுக்கு நாயை மயக்கி ஸ்கேன் எடுப்பது பெரும் குழப்பமாக இருந்தது. காப்புறுதி ஒரு பகுதியைத் தரும் என்றாலும் மிகுதிப் பணம் சிறிய தொகையல்ல.

“தம்பி, இந்த வயசிலை இவனைக் கிடத்தி வெட்டுறது பாவமில்லையோ? வெட்டாமல் விட்டாலும் பாவம். எது சரி எண்டு ஆர் சொல்லுறது?” என்று என்னிடம் கேட்டார்.

“அதைச் சொல்லத்தானே அம்மா ஸ்கேன் எடுக்கப்போகினம்” என்றாள் மருமகள்.

அங்கிருந்த நிபுணர் பொறுமையான பெண்மணி. நான் குறிப்புப் புத்தகத்தைத் திறந்ததைக் கண்டதும், ஒரு தாளை எடுத்துப் படம் வரைந்தே விளக்கத் தொடங்கிவிட்டார். அவர் கூறியதை என் மொழியில் தருகிறேன்.

சிறுநீரகங்கள் இரண்டையும் சேர்த்து நிறுத்தாலும் உடல் எடையில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆனால் இதயம் வெளியேற்றும் இரத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அவற்றுக்கே செல்கிறது. சாதாரண சி.ரி. படத்தில் சிறுநீரகம் முழுவதும் ஒரே சாம்பல் நிறமாகத் தெரியும். கட்டியும் பெரும்பாலும் அதே சாம்பல் நிறம். ஆகவே அயடீன் கலந்த கொன்ராஸ்ட் மருந்தை முன்னங்கால் நாளத்தில் செலுத்துகிறார்கள். அயடீன் எக்ஸ் கதிர்களைத் தடுக்கும் தன்மையுடையது. மருந்து எங்கே சேர்கிறதோ அந்த இடம் படத்தில் வெண்மையாகும். ஒரு கிலோ எடைக்கு ஏறத்தாழ 2 மில்லி லீற்றர் என்பது அவர்கள் கணக்கு. 30 கிலோ எடையுள்ள ஜிம்மிக்கு 60 மில்லி லீற்றர்.

மருந்து உட்சென்றதும் ஒரு பயணம் தொடங்குகிறது. இதயத்தைக் கடந்து பெருநாடிக்கு வந்து, ஏறத்தாழ 20 செக்கனில் சிறுநீரகத்தின் வெளிப்பகுதியை, அதாவது நாம் பாடசாலையில் மேற்பட்டை என்று படித்த பகுதியை, நிரப்புகிறது. சிறுநீரகத்துக்கு வரும் இரத்தத்தின் பெரும்பங்கு அங்கேதான் செல்கிறது. அந்த வேளையில் படம் எடுத்தால் வெள்ளை விளிம்பிட்ட அவரை விதையைப் போலச் சிறுநீரகம் தெரியும். நடுப்பகுதி இன்னும் கருமையாகவே இருக்கும். நாடிகள் எங்கிருந்து எவ்வாறு வருகின்றன என்பதைச் சத்திர சிகிச்சை நிபுணர் அறிய உதவுவது இந்தப் படமே. ஆனால் கரிய நடுப்பகுதியினுள் ஒரு சிறிய கட்டி இருந்தால் அந்தக் கருமையில் அது மறைந்துபோகும்.

ஒரு நிமிடத்துக்கும் இரண்டு நிமிடங்களுக்கும் இடையில் மருந்து உள்ளே இறங்கிவிடும். விளிம்பும் நடுவும் ஒரே வெண்மையாகும். நல்ல இழையத்தைப் போல மருந்தை ஏற்க முடியாத கட்டி இப்போது கருமையாகத் தனித்து நிற்கும். கட்டியைத் தேடுவதற்கு உகந்த வேளை இதுதான்.

மூன்று நிமிடங்களுக்குப் பின்னர் வேறொரு காட்சி. வடிகட்டப்பட்ட மருந்து சிறுநீரோடு சேர்ந்து சிறுநீரகத்தின் நடுவேயுள்ள குழிக்கும், அங்கிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் குழாய்க்கும் வருகிறது. ஐந்தாவது நிமிடமளவில் அந்தக் குழாய் வெள்ளை நூல் போலத் தெரியும். பிறந்த நாள் முதலாகச் சிறுநீர் ஒழுகிக்கொண்டே இருக்கும் நாய்க்குட்டிகள் உண்டு. குழாய் சிறுநீர்ப்பையில் திறக்க வேண்டிய இடத்தை விட்டு வேறிடத்தில் திறப்பது அதற்கு ஒரு காரணம். கோல்டன் ரெட்ரீவர், சைபீரியன் ஹஸ்கி போன்ற இனங்களில் இக்குறை கூடுதலாகக் காணப்படுகிறது. அதனைக் கண்டுபிடிக்க 20 ஆவது செக்கன் படம் எவ்வகையிலும் உதவாது. குழாயில் மருந்து இறங்கும்வரை காத்திருக்கவே வேண்டும்.

“அப்படியாயின் கடிகாரத்தைப் பார்த்து எடுத்துவிடலாமே?” என்று கேட்டேன்.

அது போதாது என்றார் அவர். நாய்களில் 2 கிலோ எடையுள்ள சிவாவாவும் உண்டு. 60 கிலோவைத் தாண்டும் கிரேட் டேனும் உண்டு. மனிதருக்கு வகுத்த செக்கன் கணக்கை அப்படியே எடுத்து நாய்க்குப் போட இயலாது. சிறிய உடலில் மருந்து விரைவாகச் சுற்றி வந்துவிடும். இதயம் பலவீனமான நாய்க்குத் தாமதமாகும். சில மயக்க மருந்துகள் இதயத் துடிப்பையே மெதுவாக்கிவிடும். மருந்தை 10 செக்கனில் செலுத்துவதா, 30 செக்கனில் செலுத்துவதா என்பதும் கணக்கை மாற்றும். ஆகவே இயந்திரம் முதலில் பெருநாடியின் ஒரே இடத்தை மீண்டும் மீண்டும் பார்த்துக்கொண்டிருக்கும். அங்கே வெண்மை குறித்த அளவைத் தாண்டியதும் முதற் படம் தொடங்கும். கடிகாரத்துக்குப் பதிலாக அந்த நாயின் இரத்த ஓட்டமே நேரத்தைக் குறித்துக் கொடுக்கிறது. மூச்சு விடும்போது சிறுநீரகமும் அசையும் என்பதால், மயக்கத்திலிருக்கும் நாய்க்குச் சில தடவைகள் கூடுதலாகக் காற்றூட்டி, அதன் பின் வரும் சிறிய மூச்சு இடைவெளியில் படம் எடுக்கிறார்கள்.

ஜிம்மியை உள்ளே கொண்டுசென்ற பின்னர் காத்திருப்பு அறையில் நீண்ட நேரம் இருந்தோம். அக்கா கைப்பையிலிருந்த தேவாரப் புத்தகத்தைத் திறந்து வைத்திருந்தார், பக்கம் புரளவில்லை. எனக்கு அதற்கு முந்திய வாரம் பார்த்துவந்த ஒரு கட்டடம் நினைவில் வந்தது.

அக்காவின் வீட்டிலிருந்து அதிக தூரமில்லாத விம்பிள்டனில், கொப்ஸ் ஹில் என்ற மேட்டில், அற்கின்சன் மோர்லி வைத்தியசாலை இருந்தது. உலகில் முதன்முதலாக ஒரு நோயாளிக்கு சி.ரி. ஸ்கேன் எடுக்கப்பட்டது அங்கேதான், 1971 ஒக்ரோபர் 1 ஆம் திகதி. விம்பிள்டன் பிள்ளையார் கோயிலுக்குப் போய்வரும் நம்மவர்களில் எத்தனை பேருக்கு அது தெரியுமோ! வைத்தியசாலை 2003 இல் மூடப்பட்டு, கட்டடம் இப்போது குடியிருப்பாகிவிட்டது.

அந்த இயந்திரத்தை உருவாக்கிய கோட்பிறி ஹவுன்ஸ்பீல்ட் வைத்தியர் அல்லர். இசைத்தட்டுகளுக்குப் பெயர்பெற்ற ஈ.எம்.ஐ. நிறுவனத்தின் பொறியியலாளர். அவருடைய முதற் பரிசோதனைக் கருவி ஒரு பொருளை ஸ்கேன் செய்ய 9 நாட்கள் எடுத்தது. ஆய்வுக்காக எருதின் மூளையை எடுத்துக்கொண்டு லண்டன் பொது வாகனங்களில் பயணம் செய்ததை அவரே எழுதியிருக்கிறார். பன்றியின் உடலில் சிறுநீரகப் பகுதியையும் அவர் ஸ்கேன் செய்து பார்த்தார். மனிதருக்கு முன்பாகவே விலங்கின் சிறுநீரகத்தை இந்த இயந்திரம் கண்டிருக்கிறது. 1979 இல் அவருக்கும் அலன் கோர்மக்குக்கும் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

கொன்ராஸ்ட் மருந்தின் கதையிலும் விலங்குகள் உண்டு. 1920 களில் பேர்லினில் பின்ஸ், ராத் என்ற இரசாயனவியலாளர்கள் உருவாக்கிய அயடீன் சேர்மங்கள் பசுக்களின் மடிவீக்க நோய்க்குப் பயன்பட்டன. மோசஸ் ஸ்விக் என்ற இளம் அமெரிக்க வைத்தியர் அவ்வகைச் சேர்மங்களில் ஒன்று சிறுநீரகத்தின் வழியாக வெளியேறுவதைப் பயன்படுத்தி, 1929 இல் சிறுநீர்ப் பாதையை எக்ஸ்ரே படத்தில் தெளிவாகக் காட்டினார். மாட்டுத் தொழுவத்திலிருந்து மனிதரிடம் வந்த மருந்தின் வழித்தோன்றல் இன்று நாயிடம் வந்திருக்கிறது.

ஒன்றை இங்கே குறிப்பிடவேண்டும். 1971 இன் இயந்திரம் ஒரு தடவை சுற்றி முடிக்கவே சில நிமிடங்கள் எடுத்தது. அந்த நேரத்துக்குள் மருந்து சிறுநீரகத்தின் எல்லாப் பகுதிகளையும் கடந்து போய்விடும். 20 ஆவது செக்கனா, இரண்டாவது நிமிடமா என்ற கேள்வியே அப்போது எழ முடியாது. 1980 களின் இறுதியில், படுக்கை நகர நகரச் சுருளாகப் படம் எடுக்கும் முறை வந்து, வயிறு முழுவதையும் ஒரே மூச்சு இடைவெளியில் எடுக்க முடிந்த பின்னரே, எந்த வேளையில் எடுப்பது என்பது ஒரு கலையானது.

நிபுணர் எங்களை உள்ளே அழைத்தபோது மாலையாகிவிட்டது. கணினித் திரையில் முதற் கட்டப் படம் இருந்தது. வெள்ளை விளிம்பிட்ட இரு சிறுநீரகங்கள். இடது பக்கத்தில் விளிம்பைக் கலைத்துக்கொண்டு கட்டி. கட்டி சிறுநீரகத்திலிருந்தே எழுந்திருந்தது. அதிரினல் சுரப்பி தனியாகத் தெரிந்தது. நுரையீரலில் எதுவும் இல்லை. ஆனால் வயிற்றின் பெருநாளத்தில், சிறுநீரக நாளங்கள் வந்து சேரும் இடத்தில், வெண்மைக்கு நடுவே ஒரு கரிய நிழல் நீண்டு கிடந்தது.

“கட்டி நாளத்தினுள் புகுந்திருந்தால் இப்படித்தான் தெரியும்” என்று அவர் சொன்னார். மருமகள் தாயின் கையைப் பற்றிக்கொண்டாள். அவ்வாறாயின் சத்திர சிகிச்சை மிகுந்த ஆபத்தாகும். பலர் அத்துடன் நிறுத்திவிடுவார்கள் என்பதை முன்னரே எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள்.

அவர் இரண்டாவது கட்டப் படத்தைத் திரைக்குக் கொண்டுவந்தார். அதே நாளம், அதே இடம். நிழல் இல்லை. நாளம் முழுவதும் ஒரே வெண்மை.

விளக்கம் எளிமையானது. மருந்து முன்னங்காலில் செலுத்தப்பட்டது. சிறுநீரகங்களுக்கு இரத்தம் விரைந்து வந்து விரைந்து திரும்புவதால், 20 ஆவது செக்கனளவில் அவற்றின் நாளங்கள் மருந்து கலந்த வெண்ணிற இரத்தத்தைப் பெருநாளத்தில் கொட்டத் தொடங்கிவிடுகின்றன. பின்னங்கால்களிலிருந்து திரும்பும் இரத்தத்துக்கோ அதற்குள் மருந்து வந்து சேரவில்லை; படத்தில் அது கருமையே. இரண்டும் ஒரே நாளத்தில் சிறிது தூரம் கலவாமல் பக்கம் பக்கமாக ஓடும்போது, கருமையான பகுதி அடைப்பைப் போலத் தோற்றமளிக்கிறது. ஒரு நிமிடத்துக்குப் பின்னர் எங்கும் மருந்து சீராகப் பரவியதும் நிழல் மறைந்துவிடுகிறது. உண்மையான அடைப்பு எந்தக் கட்டத்திலும் மறையாது.

முதற் படம் பொய் சொல்லவில்லை. அந்தச் செக்கனில் நாளத்தில் இருந்ததையே அது காட்டியது. அது ஒன்றை மாத்திரம் வைத்துக்கொண்டு ஜிம்மியின் விதியை எழுதியிருந்தால், அன்று மாலையே எங்கள் உரையாடல் வேறு திசையில் போயிருக்கும்.

மூன்றாவது கட்டப் படத்தில் வலது சிறுநீரகத்திலிருந்து வெள்ளை நூல் ஒன்று சிறுநீர்ப்பைவரை இறங்கியது. அது வேலை செய்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. எவ்வளவு வேலை செய்கிறது என்பதைப் படம் அளந்து சொல்லாது என்பதையும் நிபுணர் மறைக்கவில்லை. நாயின் ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ 4 இலட்சம் நெப்ரோன்கள், அதாவது நுண்ணிய வடிகட்டிகள், இருக்கின்றன. அவற்றில் முக்கால்வாசி பழுதடைந்த பின்னரே இரத்தத்தில் கிரியற்றினின் அளவு உயரத் தொடங்கும். ஆகவே இரத்தப் பரிசோதனை நன்றாக இருந்தாலும் அதனை மாத்திரம் நம்பியிருக்க முடியாது. சிறுநீரின் அடர்த்தியையும் இரத்த அழுத்தத்தையும் பார்த்தார்கள். எல்லாவற்றையும் ஒன்றாக வைத்து, இடது சிறுநீரகத்தை அகற்றலாம் என்று முடிவு செய்தார்கள்.

முடிவெடுக்கும் உரிமை அக்காவினுடையது. அவர் நீண்ட நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வழி இருக்கெண்டு கண்ணாலை கண்ட பிறகு நான் மாட்டன் எண்டு சொல்லேலாது” என்றார்.

நவம்பர் முதல் வாரத்தில் சத்திர சிகிச்சை நடந்தது. ஆய்வுகூட அறிக்கை அது புற்றுநோய்க் கட்டி என்றே கூறியது. 12 நாட்களில் தையல் பிரித்தார்கள். நான் கொழும்புக்குத் திரும்புவதற்கு முதல் நாள் ஜிம்மி என்னைப் பூங்காவின் இரண்டாவது சுற்றுக்கும் இழுத்துச் சென்றது.

அதன் பின்னர் அது 14 மாதங்கள் வாழ்ந்தது. 2024 ஜனவரியில் நோய் நுரையீரலில் தலைகாட்டியபோது, இம்முறை எதுவும் செய்யவேண்டாம் என்று அக்காவே கூறிவிட்டார். 14 மாதங்கள் நாயின் வாழ்வில் சிறிய காலமல்ல. அந்த நாட்களில் பெரும்பாலானவை அதற்கு நோவில்லாத நாட்கள் என்று மருமகள் தொலைபேசியில் சொன்னாள்.

புலம்பெயர்ந்த நாடுகளில் வாழும் நம்மவர் வீடுகளில் இன்று நாய்களும் பூனைகளும் குடும்ப உறுப்பினர்களாகிவிட்டன. அவற்றுக்கு இவ்வாறான ஸ்கேன் தேவைப்படும் நாள் வந்தால், எவ்வளவு செலவாகும் என்று கேட்பதோடு நின்றுவிடாதீர்கள். எந்தக் கேள்விக்கு விடை தேடி இதனை எடுக்கிறீர்கள், அந்தக் கேள்விக்கு எத்தனை கட்டங்களில் படம் தேவை, கொன்ராஸ்ட் மருந்தைத் தாங்கும் நிலையில் சிறுநீரகம் இருக்கிறதா, முன்பும் பின்பும் சேலைன் ஏற்றுவீர்களா என்று கேளுங்கள். நல்ல வைத்தியர் இக்கேள்விகளால் கோபமடைய மாட்டார்.

அக்கா நன்றாகவே கற்றுக்கொண்டார். கடந்த ஆண்டு அவருக்கே இடுப்பில் நோவு வந்து, சிறுநீரகக் கல்லாக இருக்கலாம் என்று ஸ்கேன் எடுக்க அனுப்பினார்கள். எத்தனையாவது நிமிடத்தில் படம் எடுப்பீர்கள் என்று அவர் கேட்டாராம். அந்த இளம் வைத்தியர் வியந்துபோய், கல்லைப் பார்ப்பதற்கு மருந்தே செலுத்துவதில்லை. கல் தானாகவே வெள்ளையாகத் தெரியும், வெள்ளை மருந்து வந்தால் அதை மறைத்துவிடும் என்று விளக்கியிருக்கிறார்.

“இது வேறை கேள்வி, அதாலை வேறை படம்” என்று அன்றிரவு தொலைபேசியில் எனக்குப் பாடம் நடத்தினார் அக்கா.